மூன்று பழைய நூல்கள்

மாணவர்களே, பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பிரிவை எடுப்பது என்னும் கேள்வி உங்கள் வீடுகளில் இப்போதே எழுந்திருக்கும். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த பெற்றோர்க்கு அக்கேள்வி இன்னும் பாரமானது. இதே கேள்வியோடு தயங்கி நின்ற பதினேழு வயது இளைஞர் ஒருவரின் வரலாறு இது.

சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1888 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 ஆம் நாள் திருத்தணியில் பிறந்தார். திருத்தணி இன்று தமிழ்நாட்டில் உள்ளது; எனினும் 1960 ஆம் ஆண்டுவரை அது நமது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ் என்று வளர்ந்தவர் அவர். வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக வளரும் உங்களுக்கு அந்நிலையை விளக்க வேண்டியதில்லை.

தந்தையார் வீராசாமி, ஜமீனில் சிறு பணி செய்தவர். வருவாய் குறைவு. மகனின் படிப்பு பெரும்பாலும் உதவித்தொகையாலேயே நடந்தது. 1896 முதல் திருப்பதியிலிருந்த லுத்தரன் மிஷன் பள்ளியிலும், 1900 முதல் வேலூர் ஊரிஸ் கல்லூரியிலும், 1904 முதல் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் அவர் பயின்றார். திருப்பதியும் வேலூரும் நம் பங்காருபாளையத்திலிருந்து பேருந்தில் சென்று ஒரே நாளில் திரும்பிவிடக்கூடிய ஊர்கள்தாம்.

சென்னையில் பட்டப்படிப்புக்கு ஐந்து பாடங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது: கணிதம், இயற்பியல், உயிரியல், மெய்யியல், வரலாறு. எதை எடுப்பதென்று அவருக்குத் தெளிவில்லை. அப்போது உறவினர் ஒருவர், தாம் படித்து முடித்த மெய்யியல் பாடநூல்களை அவரிடம் கொடுத்தார். உளவியல் ஒன்று, அளவையியல் ஒன்று, அறவியல் ஒன்று. ஆக மூன்று நூல்கள். அவையே அவருடைய பாடத்தை முடிவு செய்தன. இந்தியாவின் புகழ்பெற்ற மெய்யியல் அறிஞர் ஒருவர் அத்துறைக்குள் வந்த வழி இவ்வளவுதான். இவ்வாறு தற்செயலாகப் பாடம் தேர்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஆனால் கையில் கிடைத்ததை அவர் எப்படிப் படித்தார் என்பது கவனிக்கத்தக்கது.

அவர் பயின்ற மிஷன் கல்வி நிலையங்களில் இந்து சமயக் கருத்துகள் கடுமையாக விமர்சிக்கப்பட்டன. இளைஞர் மனம் புண்பட்டது. ஆயினும் அவர் சினந்து வெளியேறவுமில்லை. கேட்டதை அப்படியே ஏற்றுக்கொள்ளவுமில்லை. அக்குறைகள் உண்மைதானா என்று மூல நூல்களைத் தேடிப் படிக்கத் தொடங்கினார். வேதாந்தத்தில் அறவொழுக்கத்திற்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு மறுமொழியாகவே முதுகலைப் பட்டத்திற்கான தம் ஆய்வுரையை அமைத்தார். அதை மதிப்பிட வேண்டியவரோ அக்கல்லூரியின் மெய்யியல் பேராசிரியர் ஹாக். அவரும் ஒரு மிஷனரி. ஆசிரியரின் மனம் நோகுமோ என்னும் அச்சம் மாணவருக்கு இருந்தது. உதவித்தொகையை நம்பிப் படிப்பவருக்கு அவ்வச்சம் சிறிதன்று. ஆனால் ஹாக் அவ்வுரையை மனமாரப் பாராட்டினார். 1908 இல் அது நூலாக வந்தபோது இராதாகிருஷ்ணனுக்கு வயது இருபது. எழுதத் துணிந்த மாணவரை நாம் போற்றுகிறோம். தமக்கு உடன்பாடில்லாத கருத்தையும் நேர்மையாக மதிப்பிட்ட அந்த ஆசிரியரையும் சேர்த்தே போற்ற வேண்டும் என்பது என் எண்ணம்.

பின்னர் வந்த பதவிகள் பல. 1909 இல் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியரானார். 1918 இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1921 இல் அவர் கல்கத்தாவிற்குப் புறப்பட்டபோது, மைசூர் மாணவர்கள் மலர்களால் அணிசெய்த வண்டியில் அவரை அமர்த்தி, குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே தொடருந்து நிலையம்வரை இழுத்துச் சென்றனர். ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், ஆக்ஸ்போர்டு பேராசிரியர், சோவியத்து நாட்டுத் தூதர் என உயர்ந்து, 1962 இல் குடியரசுத் தலைவரானார். அவ்வாண்டு முதல் அவருடைய பிறந்தநாள் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1975 ஏப்ரல் 17 ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

1952 இல், குடியரசுத் துணைத் தலைவரான அதே ஆண்டில், தம் வாழ்வையும் கருத்தையும் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று வெளிவந்தது. அந்த மூன்று பழைய பாடநூல்களின் பெயர்களையும் அவற்றை எழுதியவர்களின் பெயர்களையும் அதில் ஒன்றுவிடாமல் குறிப்பிட்டிருந்தார். அவை கைக்கு வந்து அப்போது நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தன.