சேலை உடுத்திய அன்னையை வரைந்த ஓவியர்

குற்றாலத்துச் சித்திரசபையைக் காணாத தென்காசிக்காரர் நம்மில் அரியர். சுவரெங்கும் மூலிகை வண்ணங்கள் தீட்டிய அந்த மண்டபம், பக்திக்கும் ஓவியத்துக்கும் நம் நாட்டில் உள்ள பழைய உறவுக்குச் சான்று. அந்த உறவை நம் விசுவாசத்துக்கும் உரியதாக்க உழைத்த ஒருவரை இந்த ஜூபிலி மலரில் நாம் நினைவுகூர விரும்புகிறோம். அவரே கோவா தந்த ஓவியர் ஆஞ்சலோ த பொன்சேகா.

போர்த்துக்கீசியர் ஆண்ட கோவாவில், சாந்து எஸ்தேவாம் என்னும் தீவுக் கிராமத்தில், வசதி மிகுந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் 1902-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். முன்னோர் அவருக்கு விட்டுச்சென்ற செல்வங்கள் இரண்டு. ஒன்று ஆழ்ந்த விசுவாசம். மற்றொன்று பீடங்களில் நின்ற ஐரோப்பியச் சாயல் கொண்ட சுரூபங்கள். முன்னதை இறுதிமூச்சுவரை காத்தார். பின்னதற்கு நம் நாட்டு முகம் தர விழைந்தார்.

மருத்துவம் பயிலப் பம்பாய் சென்றவர் அதை விடுத்து, ஜே. ஜே. கலைப்பள்ளியில் சேர்ந்தார். அங்கிருந்த மேல்நாட்டு முறை அவர் மனத்தை நிறைக்கவில்லை. சாந்திநிகேதன் சென்று அபனீந்திரநாத் தாகூர், நந்தலால் போஸ் ஆகியோரிடம் கற்றார். அஜந்தாவின் கோடுகளும் மொகலாயச் சிற்றோவியத்தின் நுணுக்கமும் அவர் தூரிகையில் குடிகொண்டன.

ஊர் திரும்பியவர், அன்னை மரியாளைச் சேலை உடுத்திய நம் நாட்டுத் தாயாக வரைந்தார். சொந்த மக்களே சினந்தனர். மரபைக் கெடுக்கிறார் எனப் பழித்தனர். மனம் நொந்த அவர் கோவாவை விட்டு வெளியேறினார். தூரிகையை மட்டும் விடவில்லை. புனேயில் ஆங்கிலிக்கன் சபையினர் நடத்திய கிறிஸ்த பிரேம சேவா ஆசிரமம் அவருக்கு இடம் தந்தது. இயேசு சபை வரலாற்றறிஞர் ஹென்றி ஹெராஸ் அடிகளார் ஊக்கமளித்தார். நூற்றுக்கணக்கான ஓவியங்கள் பிறந்தன.

தமிழராகிய நமக்கு இதில் வியப்பில்லை. காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர், பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னையைத் தமிழ்ப்பெண் கோலத்தில் நிறுவினார் என்பது வழிவழிச் செய்தி. இங்கே மக்கள் கைகூப்பி ஏற்ற கோலத்துக்காக, அங்கே ஓர் ஓவியர் ஊரை இழக்க நேர்ந்தது.

காலம் அவர் பக்கம் திரும்பியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, எல்லா இனத்தாரின் கலைக்கும் திருச்சபையில் இடமுண்டு என அறிவித்தது. அதைக் கண்ட பின்னரே, 1967 டிசம்பரில் அவர் புனேயில் இறைவனடி சேர்ந்தார். ஊர் ஏற்காத அவர் ஓவியங்களை இன்று கோவாவிலேயே, சவேரியார் வரலாற்று ஆய்வு மையம் பேணி வருகிறது.

நம் பங்கின் பிள்ளைகளுள் தூரிகை ஏந்துவோர் இருப்பின், பெற்றோர் தடுக்க வேண்டாம். கைத்திறனும் இறைவன் தந்த தாலந்தே. அதைப் புதைத்துவைக்காமல் பெருக்கி ஒப்படைப்போமாக!