பொருளை விட்டுப் பணியைக் கொண்ட மைக்கேல் பாரடே

நம் சமூகத்தில் ஒரு பிள்ளை பரீட்சையில் தேறி உத்தியோகம் பெற்றவுடன், உற்றாரும் உறவினரும் முதற்கண் வினவுவது சம்பளம் எவ்வளவு என்பதே. இவ்வினா குற்றமுடையதன்று, பொருளின்றி இல்லறம் நடவாது. ஆயினும், எவ்வளவு பொருள் போதும், அதற்குமேல் ஈட்டுவதற்கு வாழ்நாளில் எத்துணைப் பகுதியை விலையாகக் கொடுப்பது என்று வினவுவோர் மிகச் சிலர். அவ்வாறு வினவி, கண்ட விடையின்படியே வாழ்ந்து காட்டியவர் ஆங்கில நாட்டுச் சாஸ்திர நிபுணர் மைக்கேல் பாரடே.

இவர் 1791-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, லண்டன் நகரை அடுத்த நியூயிங்டனில் பிறந்தார். தந்தையார் கொல்லுத் தொழிலாளர், நோயால் மெலிந்தவர். 1801-ம் ஆண்டில் தானிய விலை ஏறியபொழுது, சிறுவராகிய பாரடேக்கு ஒரு வாரத்துக்கு ஒரே ரொட்டி அளிக்கப்பட்டதாம். எனவே, வறுமையறியாதவர் செல்வத்தை இகழ்ந்த கதையன்று இது. பதினான்காம் வயதில் ரீபோ என்பவரது கடையில் புத்தகம் கட்டும் தொழில் பயிலச் சேர்ந்து, கட்ட வந்த நூல்களையே படித்துக் கல்வி பெற்றார்.

1812-ம் ஆண்டில் ஸர் ஹம்ப்ரி டேவியின் பிரசங்கங்கள் நான்கினைக் கேட்டு, குறிப்பெடுத்து, தம் கையாலேயே புத்தகமாகக் கட்டி அவருக்கு அனுப்பினார். மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் சாஸ்திர நிலையத்தில் உதவியாளரானார். சம்பளம் வாரத்துக்கு 25 ஷில்லிங். மேன்மாடியில் இரண்டு அறைகளும் உண்டு.

காலப்போக்கில் இவர் புகழ் ஓங்கிற்று. தொழிற்சாலைக்காரரும் பிறரும் பொருள்களைச் சோதித்துரைக்குமாறு இவரை நாடினர். 1830-ம் ஆண்டில் அவ்வகை வருவாய் மட்டும் ஆயிரம் பவுனைக் கடந்தது. நிலையம் அளித்ததோ ஆண்டுக்கு நூறு பவுனும், வீடும், கரியும், மெழுகுவர்த்தியுமே. மறு ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் சில வாரங்கள் செய்த சோதனைகளால், கம்பிச் சுருளினுள் காந்தத்தை அசைப்பின் மின்சாரம் பிறக்கும் என்று கண்டறிந்தார். அப்பொழுதுதான் இவர்முன் இரு வழிகள் நின்றன. ஒன்று பெருஞ்செல்வம், மற்றொன்று ஆராய்ச்சி. இரண்டுக்கும் நாள் போதாது. பாரடே ஆராய்ச்சியைத் தெரிந்தெடுத்தார். 1832-ம் ஆண்டில் அவ்வருவாய் 155 பவுனாயிற்று. 1838-ம் ஆண்டில் ஒன்றுமில்லையாயிற்று.

இவர் துறவி அல்லர் என்பதை நேயர்கள் மறவாதிருத்தல் வேண்டும். 1821-ம் ஆண்டில் மணந்த ஸாரா அம்மையாருடன் அன்புற வாழ்ந்தார். மக்கட்பேறு இல்லை. 1835-ம் ஆண்டு முதல் அரசாங்கம் அளித்த 300 பவுன் உபகாரச் சம்பளத்தையும், கலங்கரை விளக்கங்களுக்குரிய ஆலோசனைப் பணிக்கு ஆண்டுக்கு 200 பவுனையும் ஏற்றுக்கொண்டார். குடும்பத்துக்கு வேண்டுவது கிடைத்தது, அதற்குமேல் தேடவில்லை. செல்வத்தைக் குவித்தல் தகாது என்பது இவர் சார்ந்திருந்த சிறு கிறிஸ்தவ சபையின் கொள்கையுமாம்.

விரும்பிய பணியும் அளவு மிஞ்சின் தீங்கு செய்யும். ஓயாத உழைப்பினால் 1840-ம் ஆண்டையொட்டி இவருக்கு நினைவாற்றல் தளர்ந்தது. உடனே பணியைக் குறைத்து, 1841-ம் ஆண்டில் மனைவியாருடன் சுவிட்சர்லாந்து சென்று மலைவழிகளில் நடந்து இளைப்பாறினார். பின்னர் மீண்டும் ஆராய்ச்சியில் ஈடுபட்டு, 1845-ம் ஆண்டில் காந்தம் ஒளியின்மீது செயற்படுதலைக் கண்டார். கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர்களுக்காகப் பத்தொன்பது ஆண்டுகள் சாஸ்திரப் பிரசங்கம் செய்தார். ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவி தேடிவந்தபொழுதும் வேண்டாவென மறுத்தார். 1867-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி, நாற்காலியில் அமர்ந்தபடியே அமைதியாக உயிர்நீத்தார்.

அன்று அவர் பவுன்களைத் தேடிச் சென்றிருப்பின், சில ஆண்டுகளில் தனவந்தராகியிருப்பார். அவர் கண்ட அந்நெறியின்படியே இன்றும் நீர்வீழ்ச்சியிலும் நீராவியிலும் சுழலும் இயந்திரங்கள் மின்சாரம் பிறப்பிக்கின்றன. அவ்வொளியில் நம் பிள்ளைகள் படிக்கின்றனர். ஆதலின் பெற்றோர்களே, பிள்ளைக்கு உத்தியோகம் தேடுங்கால் சம்பளத்தைக் கேளுங்கள். குடும்பத்துக்குப் போதுமா என்று எண்ணுங்கள். போதுமாயின், அப்பணியில் அவன் மனம் நிற்குமா, மனைவி மக்களோடு இருக்கப் பொழுது கிட்டுமா, பிறர்க்கு அதனாற் பயனுண்டா என்பனவற்றையும் உடன் கேளுங்கள்.