செங்கல்பட்டில் பிறந்த தளபதி... யாழ்ப்பாணத்தில் கணக்கு தப்பியது எப்படி? யார் இந்த சுந்தர்ஜி?

உத்திரமேரூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் செங்கல்பட்டு வந்துவிடும். உத்திரமேரூர், காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் எல்லாமே ஒரு காலத்தில் செங்கல்பட்டு மாவட்டம்தான். அந்த மண்ணில் பிறந்த ஒருவர் இந்திய ராணுவத்துக்கே தளபதி ஆனார். அவர் காலத்தில்தான் இந்திய ராணுவம் கடல் தாண்டி இலங்கைக்குப் போய், தமிழ் பேசும் கொரில்லாக்களோடு சண்டை போட்டு, சுமார் 1,200 பேரைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பியது.

அவர் ஜெனரல் கிருஷ்ணசாமி சுந்தரராஜன். நாடு அவரை அறிந்தது சுந்தர்ஜி என்ற பெயரில்.

அமெரிக்காவுக்கு வியட்நாம், சோவியத் யூனியனுக்கு ஆப்கானிஸ்தான். பெரிய ராணுவம் சின்ன எதிரியிடம் சிக்கிக்கொண்ட கதைகள் என்றால் இந்த இரண்டையும்தான் சொல்வார்கள். தெற்காசியாவின் வல்லரசாகத் தன்னை நினைத்துக்கொண்ட இந்தியாவுக்கு அப்படி ஒரு கதை இலங்கை. இத்தனைக்கும் சுந்தர்ஜி போர்க்கலை தெரியாத ஆள் இல்லை. சொல்லப்போனால் அவர் தலைமுறையில் அதிகம் படித்த, அதிகம் யோசித்த தளபதி அவர்தான்.

டாங்கிகளை நேசித்த காலாட்படைக்காரர்

1928-ல் பிறந்த சுந்தர்ஜி, தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். பட்டம் வாங்கும் முன்பே ராணுவம் இழுத்துக்கொண்டது. 1946-ல், அதாவது வெள்ளைக்காரன் ஆட்சி முடியும் தறுவாயில், மஹார் ரெஜிமென்ட்டில் அதிகாரியானார். காங்கோவில் ஐ.நா. படை, 1965 பாகிஸ்தான் போர், 1971 வங்கதேசப் போர் என்று வரிசையாகக் களம் பார்த்தவர். நடுவில் அமெரிக்க ராணுவக் கல்லூரியிலும் படித்துவிட்டு வந்தார்.

காலாட்படையில் இருந்து வந்த ஒருவரிடம் 1-வது கவசப் படைப்பிரிவை ஒப்படைப்பது அந்தக் காலத்தில் அபூர்வம். அது சுந்தர்ஜிக்குக் கிடைத்தது. வீரர்கள் நடந்து போகாமல் கவச வண்டியில் டாங்கிகளோடு சேர்ந்து பாய வேண்டும் என்பது அவருடைய கனவு. 1979-ல் இயந்திரமயக் காலாட்படை ரெஜிமென்ட் உருவானபோது அதன் முதல் கர்னல் அவர்தான்.

1984-ல் மேற்குப் பிராந்தியத் தளபதி. அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்த ப்ளூ ஸ்டார் நடவடிக்கை அவர் பொறுப்பில்தான் நடந்தது. அது தனிக் கதை.

1986 பிப்ரவரியில் ராணுவத் தலைமைத் தளபதி ஆனதும் வேகம் கூடியது. சீன எல்லையில் சும்டோராங் சூ பகுதியில் உரசல் வந்தபோது, ஹெலிகாப்டர்களில் ஒரு பிரிகேடையே மலை மேல் கொண்டுபோய் இறக்கினார். ராஜஸ்தான் பாலைவனத்தில் லட்சக்கணக்கான வீரர்களை வைத்து பிராஸ்டாக்ஸ் என்ற மாபெரும் போர்ப் பயிற்சி. பாகிஸ்தான் பதறிப்போனது. அதிபர் ஜியா உல் ஹக் ஜெய்ப்பூருக்கு கிரிக்கெட் பார்க்க வந்தது அந்தப் பதற்றத்தின் நடுவில்தான்.

அத்தனை தயாரிப்பும் பரந்த வெளியில், சீருடை போட்ட எதிரியோடு மோதுவதற்கானது. ஆனால் அடுத்து வந்தது யாழ்ப்பாணத்தின் ஒழுங்கைகளும் பனைமர வேலிகளும்.

இலங்கைக்கு ஏன் போனது ராணுவம்?

1983 கறுப்பு ஜூலைக்குப் பிறகு ஈழப் போராளிகளுக்குப் பயிற்சி கொடுத்ததே இந்தியாதான். சேலம் மாவட்டம் கொளத்தூர் பக்கம் உட்பட தமிழ்நாட்டிலும் முகாம்கள் இருந்தன. 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். போராளிகள் ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும், இந்திய அமைதிப் படை மேற்பார்வை பார்க்கும் என்பது ஏற்பாடு. முதலில் யாழ்ப்பாணத்தில் இந்திய வீரர்களுக்கு மாலை மரியாதைதான்.

புலிகள் திரும்பிக்கொண்டால்? இந்தக் கேள்வி முன்கூட்டியே எழுந்தது. அப்போது கொழும்பில் இந்தியத் தூதராக இருந்த ஜே.என்.தீட்சித், சில வாரங்களில் அவர்களை அடக்கிவிடலாம் என்று சுந்தர்ஜி பிரதமருக்கு நம்பிக்கை கொடுத்ததாகப் பின்னாளில் எழுதினார். அமைதிப் படையின் ஒட்டுமொத்தத் தளபதியான தீபிந்தர் சிங் எழுதிய புத்தகமோ வேறு சொல்கிறது. ஆயுத வழியில் இறங்கினால் 20 வருடத்துக்கு மாட்டிக்கொள்வோம் என்று தான் எச்சரித்தும் எடுபடவில்லை என்பது அவர் தரப்பு.

செப்டம்பர் 26-ல் உண்ணாவிரதம் இருந்த திலீபன் இறந்தார். அக்டோபர் 5-ல், இலங்கைக் கடற்படை பிடித்து வைத்திருந்த குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட 12 புலிகள் சயனைடு கடித்து இறந்தார்கள். அவ்வளவுதான், அமைதி முடிந்தது. அடுத்த சில நாட்களில் ஆபரேஷன் பவன் தொடங்கியது.

பல்கலைக்கழக மைதானத்தில் 30 பேர்

அக்டோபர் 11 நள்ளிரவை ஒட்டி, புலிகளின் தலைமையைப் பிடிக்க யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டர்கள் இறங்கின. புலிகள் காத்திருந்தார்கள், ராணுவத்தின் வயர்லெஸ் பேச்சு அவர்கள் காதுக்குப் போயிருந்தது. பாரா கமாண்டோக்களும் சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேரும் இறங்கியதோடு சரி, குண்டடிபட்ட ஹெலிகாப்டர்களால் மேற்கொண்டு ஆட்களைக் கொண்டுவர முடியவில்லை. கமாண்டோக்கள் எப்படியோ தாக்குப்பிடித்தார்கள். அந்த 30 பேரில் 29 பேர் விடியலுக்குப் பிறகு வரை போராடிச் செத்தார்கள். ஒருவர் மட்டும் கைதியாகப் பிடிபட்டார்.

ஒழுங்கான வரைபடம்கூட கையில் இல்லை என்று அங்கே போன அதிகாரிகளே எழுதியிருக்கிறார்கள். அமைதி காக்கத்தானே போகிறோம் என்று கனரக ஆயுதங்களை இந்தியாவிலேயே விட்டுவிட்டுப் போன படை அது. பிறகு டி-72 டாங்கிகளும், சுந்தர்ஜி ஆசை ஆசையாகக் கொண்டுவந்த பி.எம்.பி. கவச வண்டிகளும் யாழ்ப்பாணத் தெருக்களுக்கு வந்தன. புலிகளின் கண்ணிவெடிகளுக்கு அவையும் தப்பவில்லை.

அக்டோபர் 21, தீபாவளி. யாழ்ப்பாணம் பொது மருத்துவமனைக்குள் ராணுவம் சுட்டதில் மருத்துவர்கள், நர்சுகள், நோயாளிகள் என 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மாலை போட்ட மக்கள் மனசு முழுசாக முறிந்தது அங்கேதான். மக்கள் கைவிட்ட பிறகு எவ்வளவு பெரிய ராணுவத்தாலும் கொரில்லாவைத் தேடிப் பிடிக்க முடியாது. வியட்நாமில் அமெரிக்கா கற்றதும் இதுவே.

அக்டோபர் கடைசியில் யாழ்ப்பாண நகரம் கைக்கு வந்தது. ஆனால் புலிகள் வன்னிக் காட்டுக்குப் போய்விட்டார்கள்.

நவம்பர் 25-ல் கந்தரோடையில் ஒரு மேஜர் இறந்தார். ஆயுதம் தேடிவிட்டுத் திரும்பும் வழியில் புலிகள் மறைந்திருந்து தாக்க, மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் தாக்கியவரின் துப்பாக்கியையே பிடுங்கிச் சுட்டவர். பெயர் ராமசாமி பரமேஸ்வரன், தமிழர். சுந்தர்ஜி ராணுவ வாழ்க்கையைத் தொடங்கிய அதே மஹார் ரெஜிமென்ட். இலங்கையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரர் அவர்தான். சுட்டவர் தமிழர், செத்தவர் தமிழர், படையை அனுப்பிய தலைமைத் தளபதியும் தமிழர்!

ஓய்வுக்குப் பின்னும் ஓயாத போர்

1988 ஏப்ரல் கடைசியில் சுந்தர்ஜி ஓய்வு பெற்றார். போர் ஓயவில்லை. உச்சத்தில் சுமார் 80,000 இந்திய வீரர்கள் இலங்கையில் இருந்தார்கள். 1989-ல் அதிபரான பிரேமதாசா, இந்தியாவை வெளியே போகச் சொல்லிவிட்டுப் புலிகளோடு பேசினார், ஆயுதமும் கொடுத்தார். டெல்லியிலும் ஆட்சி மாறியது. 1990 மார்ச் 24-ல் கடைசிப் படை கப்பல் ஏறியது. சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கிய வீரர்களை வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை.

எல்லாப் பழியையும் சுந்தர்ஜி தலையில் கட்டுவது நியாயம் இல்லை. ஒப்பந்தம் போட்டது அரசியல் தலைமை, புலிகளை எடைபோட்டதில் உளவுத்துறைக்கும் பங்கு உண்டு. ஆனால் சில வாரம் போதும் என்ற கணக்கு ராணுவத்தின் கணக்கு. அந்தக் கணக்கை நம்பித்தான் மற்றதெல்லாம் நடந்தது.

அமைதிப் படை மீதான புலிகளின் கோபம் 1991 மே 21-ல் ராஜீவ் காந்தி உயிரை எடுத்தது. நடந்த இடம் ஸ்ரீபெரும்புதூர், சுந்தர்ஜியின் சொந்த மாவட்டம்.

ஓய்வில் அவர் அணு ஆயுதக் கொள்கை பற்றி நிறைய எழுதினார். 1993-ல் அதை வைத்து ஒரு நாவலே போட்டார். 1998-ல் நரம்பு செல்களைச் சிதைக்கும் மோட்டார் நியூரான் நோய் தாக்கியது. 1999 பிப்ரவரி 8-ல் காலமானார். எழுதிக்கொண்டிருந்த சுயசரிதை பாதியில் நின்றது. எழுதிய வரைக்கும் அவர் இறந்த பிறகு புத்தகமாக வந்தது.