சம்பள உயர்வு கேட்டார்... கிடைக்கல! லேத்தை மாத்தின ஹென்றி மாட்ஸ்லி யார்?

போல்ட் தொலைஞ்சா என்ன பண்ணுவோம்? கடையில் அளவைச் சொல்லி வேற ஒண்ணு வாங்கிடுவோம். 18ஆம் நூற்றாண்டில் அது முடியாது. ஒவ்வொரு போல்ட்டும் அதுக்காகவே செஞ்ச நட்டோடு மட்டும்தான் சேரும். ஜோடி மாறினா உள்ளே இறங்காது. இந்த நிலைமை மாறியதில் ஹென்றி மாட்ஸ்லிக்குப் பெரிய பங்கு உண்டு.

யார் இவர்?

1771இல், அப்போது லண்டன் அருகே இருந்த வுலிச்சில் பிறந்தவர். 12 வயதில் அங்கிருந்த அரசு ஆயுதச்சாலையில் தோட்டாக்களுக்கு மருந்து நிரப்பும் வேலை. பிறகு தச்சுப் பட்டறை, அங்கிருந்து கொல்லுப் பட்டறை. அவரது கைத்திறன் பற்றிக் கேள்விப்பட்ட பூட்டுத் தயாரிப்பாளர் ஜோசப் பிரமா, 18 வயதிலேயே அவரை வேலைக்குச் சேர்த்தார்.

அங்கே தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தும், வாரச் சம்பளம் 30 ஷில்லிங்தான். குடும்பம் பெருகியது, பணம் பத்தல. 1797இல் உயர்வு கேட்டார், பிரமா மறுத்தார். மாட்ஸ்லி வெளியேறி, லண்டனிலேயே சின்னதா ஒரு பட்டறை போட்டார்.

அவர் செஞ்சது என்ன?

அதுவரை மரை வெட்ட, டூலைப் பெரும்பாலும் கையில்தான் பிடிக்கணும். கை கொஞ்சம் தடுமாறினாலும் மரை கோணும். டூலைத் தாங்கி நகரும் ஸ்லைடு ரெஸ்ட், அதை நகர்த்தும் லீட் ஸ்க்ரூ, மாற்றி மாட்டும் கியர்கள் என எல்லாமே தனித்தனியா ஏற்கெனவே இருந்தவைதான். அவற்றை ஆடாத, உறுதியான ஒரே இரும்பு லேத்தில் சேர்த்து, பட்டறையில் தினமும் பயன்படும்படி செஞ்சதுதான் அவர் சாதனை.

கியர் கணக்கு எப்படி?

பயப்பட வேண்டாம், வெறும் வகுத்தல்தான். லீட் ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு 4 மரை இருக்குன்னு வெச்சுக்கோங்க. உங்களுக்கு 8 மரை வேணும். அப்போ லீட் ஸ்க்ரூ ஒரு சுற்று சுற்றும்போது, இரும்புத் தண்டு 2 சுற்று சுற்றணும். தண்டைச் சுழற்றும் ஸ்பிண்டில் பக்கம் 40 பல் கியர், லீட் ஸ்க்ரூ பக்கம் 80 பல் கியர் மாட்டினா போதும். 12 மரை வேணும்னா 30, 90.

நடுவுல இன்னொரு கியர் வந்தா இடைவெளி நிரம்பும், சுற்றும் திசை மாறும். ஆனா கணக்கு மாறாது. பழைய லேத்தில் பழகுறவங்க முதலில் குழம்புற இடம் இதுதான்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. லீட் ஸ்க்ரூவில் பிழை இருந்தா, அது வெட்டுற ஒவ்வொரு மரையிலும் அந்தப் பிழை இறங்கும். அதனால்தான் துல்லியமான மூலத் திருகு செய்ய அவர் வருஷக்கணக்கில் உழைச்சார். அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கும் மைக்ரோமீட்டரையும் செஞ்சார்.

யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம்?

போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்துக்காக மார்க் புருனெல் வடிவமைத்த கப்பி செய்யும் இயந்திரங்களை உருவாக்கியவர் மாட்ஸ்லிதான். 110 கைவினைஞர்கள் செஞ்ச வேலையை, பயிற்சி அதிகம் இல்லாத 10 பேர் முடித்தனர். கடற்படைக்குப் பெரிய மிச்சம். ஆனா வருஷக்கணக்கில் கத்துக்கிட்ட கைத்தொழிலுக்கு அங்கே தேவை குறைஞ்சது. இன்னிக்கும் ஓயாத விவாதம் இது.

அவருக்குப் பிறகு?

பிரான்ஸிலிருந்து திரும்பும் வழியில் குளிர் தாக்கி நோயுற்ற மாட்ஸ்லி, 1831 பிப்ரவரி 14இல் காலமானார். அவரிடம் வேலை பழகிய ஜோசப் விட்வொர்த், 1841இல் மரைகளுக்குப் பொது அளவை முன்வைத்தார். ஜோடி தேடாம போல்ட் வாங்குற வசதி அங்கிருந்துதான் பரவலாச்சு. சம்பளம் பத்தாம கிளம்பிய ஒருவரின் பட்டறை, அடுத்த தலைமுறை இயந்திரப் பொறியாளர்களுக்குப் பள்ளிக்கூடமாகவும் ஆனது.