சிட்டுக்குருவியில் தொடங்கிய பயணம்: பறவையியல் அறிஞர் சாலிம் அலி

இந்தியப் பறவைகளைப் பற்றி யார் பேசினாலும் சாலிம் அலியின் பெயரைத் தவிர்க்க முடியாது. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

1896 நவம்பர் 12-இல் பம்பாயில், சுலைமானி போரா முஸ்லிம் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்து யதீமானார். தாய்மாமா அமீருத்தீன் தயாப்ஜியும், குழந்தை இல்லாத மாமி ஹமீதா பேகமும் அவரை வளர்த்தார்கள்.

வேட்டைப் பிரியரான மாமா பொம்மைத் துப்பாக்கி ஒன்றை வாங்கித் தந்தார். அதால் சாலிம் ஒருநாள் ஒரு சிட்டுக்குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது வழக்கமான குருவி இல்லையே, இதைச் சாப்பிடலாமா என்று சந்தேகம் வந்தது. மாமாவிடம் கேட்டார். மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லர்டிடம் அனுப்பி வைத்தார். அவர் அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொல்லி, பதப்படுத்திய நூற்றுக்கணக்கான பறவைகளைத் திறந்து காட்டினார். ஹலால் பற்றிய ஒரு சிறுவனின் கேள்வி, ஒரு வாழ்நாள் ஆய்வுக்கு வாசலானது.

பாதை எளிதாக இல்லை. கல்லூரியைப் பாதியில் விட்டு, குடும்பத் தொழிலுக்காக பர்மா சென்றார். 1918-இல் தெஹ்மினாவை மணந்தார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் விலங்கியல் துறை வேலை கைகூடவில்லை. 1926-இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் ஆனார். பின்னர் பெர்லின் சென்று ஸ்ட்ரெஸ்மான் என்ற அறிஞரிடம் பயின்று 1930-இல் திரும்பியபோது, நிதி இல்லையென்று அந்த வேலையும் பறிபோயிருந்தது.

தம்பதியர் கடலோரக் கிராமமான கிஹிமுக்குக் குடிபெயர்ந்தனர். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டின. ஆண் குருவி பாதி கட்டிய கூட்டைப் பெண் குருவி வந்து பார்த்து, பிடித்தால்தான் குடியேறும் என்பதை மாதக்கணக்கில் கவனித்து எழுதினார். வேலையற்ற அந்த நாட்களின் ஆய்வே அவருக்குப் பெயர் தேடித் தந்தது. அடுத்து ஹைதராபாத், கொச்சி, திருவிதாங்கூர் சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தார். ஹைதராபாத்தில் செலவுக்கு மட்டும் பணம் கேட்டார், சம்பளம் கேட்கவில்லை. பயணங்களில் உடன்வந்த தெஹ்மினா 1939-இல் இறந்தது அவரை உலுக்கியது. ஆனாலும் வேலையை விடவில்லை. 1941-இல் அவரது இந்தியப் பறவைகள் நூல் வெளிவந்தது. டில்லன் ரிப்ளியுடன் எழுதிய பத்துத் தொகுதிகள் 1974-இல் நிறைவடைந்தன.

அவர் ஏட்டோடு நிற்கவில்லை. 1938-இல் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்ட வேட்டைக்களம் பரத்பூர். அந்த நீர்நிலையை வயலாக்கும் கோரிக்கை எழுந்தபோது, அதைப் பறவைகளுக்காகக் காத்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. சிங்கவால் குரங்குகள் வாழும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை வேண்டாம் என்று குரல் கொடுத்தவர்களிலும் அவர் முக்கியமானவர். 1984-இல் அது தேசியப் பூங்காவானது. கானமயிலை தேசியப் பறவையாக்க வேண்டும் என்றும் வாதாடினார். மயிலே தேர்வானது. கானமயிலோ இன்று விரல்விட்டு எண்ணும் நிலைக்கு வந்துவிட்டது.

பால் கெட்டி விருதாகக் கிடைத்த 50,000 டாலரில் பெரும்பகுதியை இயற்கைப் பாதுகாப்புக்கே கொடுத்தார். பத்ம விபூஷணும் மாநிலங்களவை நியமனமும் தேடி வந்தன. 1987 ஜூன் 20-இல், 90 வயதில் மறைந்தார்.

தமிழகத்திலும் அவர் பெயர் வாழ்கிறது. கோவை ஆனைகட்டியில் அவர் பெயரில் ஆய்வு மையம் இயங்குகிறது. மேகமலைப் பகுதியில் 1948-இல் கிடைத்த ஒரு பழந்தின்னி வௌவால் புதிய இனமென்று 1972-இல் அறியப்பட்டபோது, அதற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அதுவும் இன்று அழியும் ஆபத்தில் உள்ள உயிரினம்.

பறவைகளையும் நம்மைப் போன்ற சமுதாயங்களாகத் திருக்குர்ஆன் (6:38) அறிமுகப்படுத்துகிறது. அந்தச் சமுதாயங்களை அறிந்துகொள்வதும் கல்விதான். மருத்துவம், பொறியியல், வளைகுடா வேலை என்று மட்டுமே பிள்ளைகளுக்கு வழிகாட்டும் பெற்றோரே, குருவியைப் பற்றி உங்கள் பிள்ளை ஏதேனும் கேட்டால் அதட்டி விடாதீர்கள். பதில் தெரியாவிட்டால், அந்த மாமாவைப் போலத் தெரிந்தவரிடம் அனுப்பி வையுங்கள்.