வரி மட்டும் வேணும், பிள்ளை வேண்டாமா? பள்ளிக்கூட வாசலில் பிரெடரிக் டக்ளஸ்

அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்தவர்கள் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று பிரெடரிக் டக்ளஸ். அடிமை முறை ஒழிந்துபோன ஒரு வடக்கு மாநிலத்தில், பெற்ற பிள்ளைகளைப் படிக்க வைக்க அவர் பட்ட பாடு பலருக்கும் தெரியாது.

யார் இவர்?

1818 வாக்கில் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். பால்டிமோரில் எஜமானி எழுத்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார், எஜமானர் தடுத்துவிட்டார். படித்த அடிமை அடங்கமாட்டான் என்ற பயம். பையன் விடவில்லை. தெருவில் ஏழை வெள்ளைக்காரச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்துப் பாடம் கற்றான். 1838-ல் தப்பி வடக்கே போனார். 1845-ல் வந்த சுயசரிதை பெரும் புகழ் தந்தது. 1847 கடைசியில் நியூயார்க் மாநிலத்தின் ராச்சஸ்டர் நகரில் 'நார்த் ஸ்டார்' பத்திரிகையைத் தொடங்கினார்.

பள்ளியில் என்ன பிரச்சினை?

அங்கே வீடு வாங்கினார், வரியும் கட்டினார். ஆனால், அந்த வட்டாரப் பொதுப்பள்ளியில் அவர் பிள்ளைகளுக்கு இடமில்லை. நகரின் மறுகோடியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி இருந்தது. அதுவும் பொதுப்பணத்தில் நடந்ததுதான், தரம்தான் மட்டம்.

சரி, காசு கொடுத்தாவது படிக்க வைப்போம் என்று 1848-ல் ஒன்பது வயது மகள் ரொசெட்டாவைத் தனியார் பெண்கள் பள்ளி ஒன்றில் சேர்த்தார். அங்கே அவளைத் தனி அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். அவர் போய்த் தட்டிக் கேட்டதும், தலைமையாசிரியை மாணவிகளிடம் சம்மதம் கேட்டார். பிள்ளைகளோ, தங்கள் பக்கத்தில் உட்காரட்டும் என்று போட்டி போட்டார்கள். அதோடு விட்டிருக்கலாம். அடுத்து பெற்றோரிடம் கேட்டார். மறுத்தவர் ஒரே ஒருவர், அவரும் ஒரு பத்திரிகை ஆசிரியர். அந்த ஒருவருக்காக ரொசெட்டா வெளியேற வேண்டியதாயிற்று.

டக்ளஸ் அந்த ஆசிரியருக்குத் திறந்த மடல் எழுதி, தன் பத்திரிகையிலேயே அச்சிட்டார். ஆசிரியை ஒருவரை வைத்துப் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைத்தார். பொதுப்பள்ளிகளைத் திறந்துவிடச் சொல்லித் தொடர்ந்து வாதாடினார். கறுப்பினப் பெற்றோரிலேயே தனிப்பள்ளியை விரும்பியவர்கள் வடக்கு நகரங்களில் உண்டு; வெள்ளைக்காரப் பிள்ளைகள் நடுவே தங்கள் பிள்ளை அவமானப்படுமே என்ற கவலை. அதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. டக்ளஸுக்கு மட்டும் அந்த ஏற்பாடு ஒப்பவில்லை. 1857-க்குள் ராச்சஸ்டர் பொதுப்பள்ளிகள் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்தன.

பணம் எப்படிப் பிரிந்தது?

டக்ளஸ் 1870-களில் குடிபோன வாஷிங்டனில் கணக்கு இன்னும் வெளிப்படையாக இருந்தது. கறுப்பினத்தவரின் சொத்துகள் மீது வசூலாகும் வரியில் 10 சதவீதத்தை அவர்களுடைய பள்ளிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1862-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஏழைகளின் வரியில் பத்தில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு தேறும்? 1864-ல் பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி பங்கு என்று சட்டத்தை மாற்றினார்கள். அப்போதும் நகர நிர்வாகம் பணத்தை லேசில் விடவில்லை.

டக்ளஸ் 1895 பிப்ரவரி 20-ல் அதே வாஷிங்டனில் காலமானார். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி என்ற ஏற்பாடு அங்கே 1954 வரை நீடித்தது.