ஜெஸ்ஸி பிராண்ட்: கொல்லிமலைப் பூசாரியின் இடத்தில் ஒரு பாதிரி

மிஷனரிகளின் வாழ்க்கை ஒரு தரப்பால் தியாகக் கதையாகவும் மறுதரப்பால் மதமாற்றச் சூழ்ச்சியாகவும் எழுதப்படுகிறது. இரண்டிலும் பழங்குடி மக்கள் பேசுவதில்லை. ஜெஸ்ஸி பிராண்டின் வாழ்வை அவர்கள் பக்கம் நின்று வாசிக்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

இங்கிலாந்தில் கட்டுமானத் தொழில் செய்துவந்த ஜெஸ்ஸி, 1907இல் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் ஊழியராகத் தமிழகம் வந்தார். 1913இல் ஈவ்லினை மணந்து இருவருமாகக் கொல்லிமலை ஏறினர். அங்கு வாழும் மலையாளி என்னும் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். கேரளத்தவரோடு பெயர் ஒற்றுமை தவிர வேறு தொடர்பில்லை. அறப்பளீஸ்வரரும் கொல்லிப்பாவையும் அவர்களது மலைத் தெய்வங்கள். நோய் வந்தால் தெய்வக் குற்றம் எதுவென்று சொல்வதும், பரிகாரம் செய்விப்பதும் பூசாரியின் வேலை. அதாவது மருத்துவமும் வழிபாடும் அங்கே ஒரே ஆளிடம் இருந்தன.

முறையான மருத்துவப் பட்டம் இல்லாத ஜெஸ்ஸி, கற்றிருந்த சிறிதளவு வைத்தியத்தைக் கொண்டு பல் பிடுங்கினார். நரம்புச் சிலந்திப் புழுவைக் காலிலிருந்து உருவியெடுத்தார். அப்புழு குடிநீர் வழியே பரவுவது தெரிந்ததால், மக்கள் இறங்கி நீர் மொண்ட கிணறுகளுக்குக் கற்சுவர் கட்டச் செய்தார். மருந்தோடு ஜெபமும் செய்தார். அவர் அறிந்தோ அறியாமலோ, மலைமக்கள் கண்ணுக்குப் பூசாரியின் இடத்தில் அமர்ந்துவிட்டார். எனவே பூசாரிகள் அவரை எதிர்த்ததில் வியப்பில்லை. மதம் மட்டுமல்ல, அவர்களது பிழைப்பும் அதில் இருந்தது.

1918-19 இன்ஃபுளுவென்சா பரவியபோது மக்கள் நோயாளிகளைக் கைவிட்டு ஓடினர். ஜெஸ்ஸியும் ஈவ்லினும் கஞ்சி காய்ச்சி ஊர் ஊராகச் சென்று ஊட்டினர். அதுவரை பகைமை காட்டிய ஒரு பூசாரியும் படுக்கையில் விழுந்தார். சாகும் முன் தம் பெண் குழந்தையை இவர்களிடம் ஒப்படைத்தார். அதன்பின்தான் மலையில் சபை உருவாயிற்று. பூசாரியே கையளித்த பிறகு மாறுவது, பழைய ஒழுங்கை மீறுவதாக அம்மக்களுக்குத் தோன்றியிராது என்றே கருதுகிறோம்.

ஆனால் அவர் சார்ந்த பாப்டிஸ்ட் பிரிவு கறாரானது. வயது வந்தபின் நீரில் மூழ்கி ஞானஸ்நானம் பெறவேண்டும். பழைய வழிபாட்டை விட்டுவிட வேண்டும். எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடவேண்டும் என்ற முடிவு மிஷனிடமே இருந்தது. ஜெஸ்ஸியின் தொண்டை மதிக்கும் நாங்கள் இந்த அதிகாரத்தைக் கேள்விக்குட்படுத்தாமல் கடக்க இயலாது.

அதே காலத்தில் பெல்ஜியத்தின் ஆட்சியிலிருந்த காங்கோவில், பாப்டிஸ்ட் உபதேசியாராயிருந்த சைமன் கிம்பாங்கு 1921இல் நோயாளிகளைத் தொட்டுக் குணமாக்கத் தொடங்கினார். மந்திரப் பொருள்களை எறியச் சொன்னவர்தான் அவரும். ஆயினும் குணமாக்கும் அதிகாரத்தை வெள்ளைப் பாதிரியிடமிருந்து கறுப்பினத்தவரின் கைக்கு மாற்றினார். அரசு அவருக்கு மரண தண்டனை விதித்து, பின்னர் ஆயுள் தண்டனையாக மாற்றியது. 1951இல் சிறையிலேயே இறந்தார். கொல்லிமலையில் அப்படியொரு கிம்பாங்கு எழவில்லை.

பழைய வழக்கம் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பது இன்று சட்டக் கேள்வியாகிவிட்டது. 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதியினர் ஆணை, இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரை மட்டுமே ஏற்கிறது. கிறித்தவரான தலித்துக்கு இடமில்லை. பழங்குடியினருக்கான ஆணையில் அத்தகைய மத நிபந்தனை இல்லை. ஆயினும் கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம், மதம் மாறியதால் மட்டுமே பழங்குடித் தகுதி போகாது என்று கூறிவிட்டு, அவர் தம் இனத்தின் வழக்கங்களைத் தொடர்கிறாரா என்பதை ஆராயவேண்டும் என்றது. மதம் மாறிய பழங்குடியினரைப் பட்டியலிலிருந்து நீக்கக் கோரும் இயக்கமும் பிடிப்பது இந்த இடத்தைத்தான். மிஷன் விடச் சொன்ன வழக்கங்களையே இன்று பேரப்பிள்ளைகள் சான்றாகக் காட்டவேண்டிய நிலை.

ஜெஸ்ஸி 1929 ஜூனில், மலேரியாவின் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சலால், நாற்பதுகளின் நடுவிலேயே மலையில் மறைந்தார். 1923இல் கல்விக்காக இங்கிலாந்தில் விட்டு வந்த மகன் பாலை அதன்பின் அவர் காணவில்லை. பால் பிராண்ட் பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்த அறுவை மருத்துவரானார். ஈவ்லின், மிஷன் ஓய்வு கொடுத்தபின்னும் மலைக்கே திரும்பி, 1974இல் தொண்ணூற்றைந்து வயதில் இறக்கும்வரை அம்மக்களிடையே உழைத்தார். அவரது உடல் ஜெஸ்ஸியின் கல்லறை அருகே கொல்லிமலையில் அடக்கம் செய்யப்பட்டது.